செப்புத் தகட்டில் என் அம்மை

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது ஆறு, என் நாத்தனார் விட்டுப்போன இரண்டையும் சேர்த்து வளர்த்தது எட்டு. எட்டும் குடும்பம் குட்டி என்று நன்றாக இருக்கின்றன. ஒன்றுகூட அடுத்தவர் வாசலில் போய் நின்றதில்லை. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். ஏனென்றால் நான் திருவனந்தபுரம் போய்வந்ததே வாசலில் இருந்த ஒருத்திக்காகத்தான்.

நான் ஞாயிறு பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படித்தவள். பாட்டுப் புத்தகம் வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். அதற்கு மேல் எழுத உட்கார்ந்தால் ஒரு வரிக்கு ஒரு பொழுது போய்விடும். ஆகவே நான் சொல்லுகிறேன், மூத்த மகனின் மகள் ரூபி எழுதுகிறாள்.

கிறிஸ்துமஸுக்கு என் கடைசி மகள் தங்கமும் மாப்பிள்ளை செல்லத்துரையும் பாளையங்கோட்டைக்கு வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குத் திருவனந்தபுரத்தில் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா உத்தியோகம். அங்கே நகரத்து நடுவில் இருக்கும் எங்கள் பழைய வேதக்கோவிலுக்கு ஆண்டு விழா. விழா மலர் அச்சிடும் கமிட்டியில் அவரும் ஒருவர். அட்டைப் படம் என்று ஒரு காகிதத்தைப் பையிலிருந்து பயபக்தியோடு எடுத்தார். முன்காலத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, திராவகத்தில் அரிக்கவிட்டு, மை தடவி அச்செடுத்த படமாம். எல்லாம் மயிரிழைக் கோடு. கோபுரம், உச்சியில் காற்றுத் திசை காட்டும் சேவல், ஒரு தென்னை, இரண்டு வாசல். வாசற்படியில் நகக்கண் அளவுக்கு ஒரு பெண். மடியில் ஒரு கலயம்.

"இது யாரு மாப்பிள்ளை?"

"அது பிச்சைக்காரி மாமி. படத்துக்கு உயிரே அவதான்னு எங்க கமிட்டி குரியன் சார் மலருல எழுதியிருக்காரு. கிருபையின் வாசலில் யாசிக்கும் ஆத்துமா. நல்லா இருக்குல்லா?"

என் கையிலிருந்த முறுக்கு கையிலேயே இருந்துவிட்டது. நான் பிறந்ததே அந்தக் கோவில் வளாகத்தில். என் அப்பா அங்கே மணி அடித்தவர். என் அம்மை அருளாயி அந்த வாசற்படியில் உட்கார்ந்து பிடியரிசி வாங்கினவள்.

பிடியரிசி தெரியாதவர்களுக்காகச் சொல்லுகிறேன். வீட்டில் உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு கைப்பிடி கோவிலுக்கென்று எடுத்து வைப்போம். ஞாயிற்றுக்கிழமை அதை முந்தியில் முடிந்து கொண்டுபோய் வாசலில் இருக்கும் கலயத்தில் போட்டுவிட்டு உள்ளே போவோம். ஆராதனை முடிந்ததும் அளந்து ஏலம் விடுவார்கள். கூரைக்கு ஓடு வேய்ந்ததே அந்த அரிசியில்தான் என்பார் அப்பா. அந்தக் கலயத்தை யாரிடமும் லேசில் கொடுத்துவிட மாட்டார்கள். என் அம்மையிடம் கொடுத்தார்கள்.

அவளைப் போய்ப் பிச்சைக்காரி என்று அச்சடிக்கப் போகிறார்கள்.

"மலர் எப்ப அச்சுக்குப் போவுது?"

"பொங்கல் கழிஞ்ச திங்கக்கிழமை."

"அப்பம் நானும் வாறேன்."

தங்கத்துக்கு முகம் விழுந்துவிட்டது. புகுந்த ஊரில் அம்மா வந்து என்ன வம்பு பண்ணப் போகிறாளோ என்ற பயம் அவளுக்கு.

எனக்குக் கல்யாணமாகி அந்த ஊரை விட்டு வரும்போது வில்வண்டி. இப்போது பஸ். எல்லைச் செக்போஸ்டில் நிறுத்தி, அரிசி கடத்துகிறோமா என்று மூட்டை மூட்டையாகக் குத்திப் பார்த்தார்கள். என் ஓலைப்பெட்டியைத் திறந்த ஆள் உள்ளே பனங்கிழங்கைக் கண்டதும் சர்க்கார் முகத்தை மாற்றிக்கொண்டான். "அவிச்சதா ஆச்சி?" என்று கேட்டான். இரண்டு கொடுத்தேன். பெட்டியை அவனே கட்டித் தூக்கி வைத்தான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தக்கலைக்காரி என் தொங்கும் காதையே பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில் அடக்க முடியாமல், "பாம்படத்த வித்துட்டியளா?" என்றாள்.

"மக கல்யாணத்துக்கு அழிச்சு வளையலாப் போட்டேன். இந்தா முன்னால இருக்காளே, இவதான்" என்றேன். தங்கம் திரும்பிப் பார்க்காமலே வளையலை முந்தியால் மூடிக்கொண்டாள். தக்கலைக்காரி சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

வழியெல்லாம் ஒரே சண்டைப் பேச்சு. தெற்குத் தாலுகாக்கள் தமிழோடு போக வேண்டும் என்று ஒருவர். போனால் ஆற்றுத் தண்ணீர் யாருக்கு என்று இன்னொருவர். "நீ இறங்குத இடத்துல தமிழா மலையாளமா, அதச் சொல்லுடே" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "நான் இறங்குத இடத்துல கள்ளுக்கடை" என்றான் அவன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சக்கரம் உருளுவது போதாமல் இருந்தது. என் காலே பஸ்ஸைத் தள்ளுகிற மாதிரி பலகையை உந்திக்கொண்டு வந்தேன்.

தங்கத்தின் வீடு கரமனையில், ஆற்றுக்கு இந்தப் பக்கம். அக்கிரகாரத் தெருவுக்குப் பின்புறம் ஒரு வரிசை வீடுகள். தண்ணீர் கேட்டால் சுக்குப் போட்டுக் காய்ச்சிய வெந்நீர் தருகிறார்கள். சோறு சிவப்பாக, ஒவ்வொன்றும் பாக்குக் கொட்டை மாதிரி. எல்லாவற்றிலும் தேங்காயெண்ணெய். எங்கள் ஊரில் தலைக்குத் தேய்ப்பதை இங்கே தாளிக்கிறார்கள். ஆனால் மரச்சீனிக் கிழங்கும் மத்திக் குழம்பும் வைத்தாள் பாருங்கள், அதற்கு ஈடு திருநெல்வேலிச் சீமையில் கிடையாது. சொல்ல வேண்டியதைச் சொல்லத்தானே வேண்டும்.

மறுநாள் மாப்பிள்ளை ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டு என்னைக் கோவிலுக்குக் கூட்டிப் போனார். நகர பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். கோவில் சிறுத்துப் போயிருந்தது. கோபுரம் அதேதான், சுற்றி வந்த கட்டடங்கள் வளர்ந்துவிட்டன. உள்ளே மின்சார விளக்கு, விசிறி. நான் நேரே அம்மையின் படிக்குப் போனேன். கோவிலைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம். அதுதான் பெண்கள் வாசல். வலக்கைப் பக்கம் ஆண்கள் வாசல். இன்றைக்கும் அப்படித்தான்.

"இங்கதான் இருப்பா மாப்பிள்ளை. இந்தக் கல்லுலதான்."

மாப்பிள்ளை படத்தைப் பிரித்தார். கோவிலைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். அவர் நல்ல மனிதர், சொல்லவே கஷ்டப்பட்டார்.

"மாமி, படத்துல இருக்கவ வலப்பக்கம்லா இருக்கா. அது ஆம்பிளைங்க வாசல். உங்க அம்மை அங்க போய் இருப்பாவளா?"

நான் படத்தை வாங்கிப் பார்த்தேன். சரிதான். அவள் ஆண்கள் வாசலில் இருந்தாள். அந்தக் காலத்தில் பிச்சைக்காரர்கள் ஞாயிறன்று வரிசையாக உட்காருவது ஆண்கள் வாசலில்தான். சில்லறை இருப்பது ஆண்கள் மடியில்தானே.

வெயில் என்று சொல்லி அந்தக் கல்லிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்தும் இருப்புக் கொள்ளவில்லை. கொல்லைக்குப் போவேன், வாசலுக்கு வருவேன். அக்கிரகாரத்திலிருந்து தயிர் கொடுக்க வந்த மாமி தங்கத்திடம், "ஏண்டி, உங்கம்மா இப்படி நிலைகொள்ளாம நடக்கறா? உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. "கோவில் விஷயம் மாமி" என்றாள் தங்கம். "எந்தக் கோவில்னாலும் வயசானவாளைப் படுத்தத்தான் செய்யறது" என்றுவிட்டு அந்த அம்மாள் போனாள்.

அவள் என் அம்மை இல்லையென்றால் நான் ஊருக்குத் திரும்பிவிடலாம். ஆனால் அந்தக் கலயம்? வாயைச் சுற்றித் துணி கட்டிய கலயம். பிச்சை எடுப்பவள் கலயத்துக்கு ஏன் துணி கட்டுகிறாள்?

"அந்தச் சாரை நான் பாக்கணும்" என்றேன் மாப்பிள்ளையிடம்.

"ஞாயித்துக்கிழமை வருவாரு மாமி. இப்பம் கல்லாறுல மக வீட்டுல இருக்காரு. மூச்சுக்கு ஆத்துக் காத்து நல்லதுன்னு."

"கல்லாறுக்குப் பஸ் உண்டுமா?"

"பொன்முடிக்குப் போற பஸ்ஸு. இருந்தா உண்டு, இல்லைன்னா இல்ல."

இருந்தது. நானும் தங்கமும் ஏறினோம். பாதி வண்டி தேயிலைத் தோட்டத்துப் பெண்கள். எல்லாம் நம் பக்கத்துப் பேச்சு. மேட்டில் ஏறும்போது எஞ்சின் கொதித்து மூடியைத் தள்ளிக்கொண்டு புகை வந்தது. டிரைவர் இறங்கிப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கூஜாவை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கிவிட்டேன். ஒரு தோட்டத்துக்காரி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இரு ஆத்தா. கொதிக்கையில ஊத்தினா வெடிச்சிரும். வண்டிக்கும் கோவம் ஆறணும்."

"எனக்கு ஆறலையே" என்றேன்.

"அப்ப நீ மொதல்ல குடி" என்று அவள் என் கூஜாவிலேயே தண்ணீர் மொண்டு எனக்குக் கொடுத்தாள். மலைத் தண்ணீர் பல்லைக் கூச வைத்தது.

கல்லாறு என்றால் ஆறு, பாறை, நாலைந்து கடை. குரியன் சார் வீட்டு முற்றத்தில் கம்பளி மப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்லூரியில் சரித்திரம் சொல்லிக் கொடுத்துப் பென்ஷன் வாங்கியவர். பெரிய மீசை, ஆனால் பேச்சு பஞ்சு மாதிரி. நாங்கள் யாரென்று தங்கம் சொன்னதும், "இரிக்கணும் அம்மச்சி, இரிக்கணும்" என்று தன் நாற்காலியையே தள்ளிவிட்டார். வந்த விஷயத்தைச் சொன்னேன். வலம் இடம் மாறியிருப்பதையும் நானே சொன்னேன். மறைத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய்த் தூணில் மாட்டியிருந்த சவரக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"அம்மச்சி, தகட்டில வரச்சது பேப்பரில் வரும்போ இடம் வலமாகும். கண்ணாடியில் முகம் காணுன்ன போலே. அந்த மதாம்மை அதை ஆலோசிக்காமே, கண்ணில் கண்ட மாதிரியே வரச்சிருக்கு. இப்போ நோக்கணும்."

படத்தை ஒரு கையிலும் கண்ணாடியை ஒரு கையிலுமாகப் பிடித்தார். கண்ணாடிக்குள் கோவில் திரும்பி நின்றது. தென்னை அதன் இடத்துக்குப் போய்விட்டது. கோபுரத்தின் நிழல் விழ வேண்டிய பக்கம் விழுந்தது. பெண்கள் வாசலில், இடப்பக்கத்துக் கல்லில், என் அம்மை உட்கார்ந்திருந்தாள்.

"தங்கம், உங்க ஆச்சிய பாரு ட்டீ" என்றேன். தங்கம் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் தன் ஆச்சியைக் கண்டதேயில்லை.

சார் மகள் அவித்த நேந்திரம்பழம் கொண்டு வந்து வைத்தாள். சார் உற்சாகமாகிவிட்டார். படத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் சொன்னார். உச்சியில் சேவல் இருப்பது, தெரியாது என்று மறுதலித்த சீடனை நினைப்பூட்டவாம். சாய்ந்த தென்னை, தாழ்மை. பாதி மூடிய கதவு, காலம் கடத்தாதே என்பது. அந்தக் கதவு கீல் துருப்பிடித்து என் காலத்திலேயே பாதிதான் திறக்கும். ஆனாலும் அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. கோபுர நிழல் நேராக வந்து அம்மையின் மடியில் சிலுவையாய் விழுவதைக் காட்டினார். அதை நான் ஒருநாளும் கண்டதில்லை. மேலும் சொல்லட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இனி இதாக்கும் முக்கியம்" என்று பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். "பிச்சைக்காரியுடெ கால்கிட்டே நோக்கணும். ஒரு நாய்க்குட்டி. சுருண்டு உறங்குது. வால் கண்டோ? மேசையில்நின்னு வீழுன்ன துணுக்கு நாய்க்கும் உண்டுன்னு மகளுக்காகக் கெஞ்சின ஒரு ஸ்திரீயுடெ கதை அம்மச்சிக்கு அறியுமல்லோ. அதாக்கும் இது. இதை ஞான் கண்டுபிடிச்சப்போ ரெண்டு திவசம் உறங்கியில்லா."

பார்த்தேன். அம்மையின் காலடியில், சேலைத் தலைப்புக்குள் பாதியாய், ஒரு சுருட்டல். முதுகு வளைந்து, தலை உள்ளே போய். வால் என்று அவர் காட்டினது ஒரு நெளிந்த கோடு; நுனியில் ஒரு முடிச்சு.

நாயின் வாலில் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. அது சடை. சிவப்பு நூல் கட்டின சடை. அந்தக் காலத்தில் விடிய மணி அடிக்க அப்பா எழும்பும்போது நாங்களும் எழும்புவோம். அம்மை கலயத்தோடு வந்து உட்கார்ந்ததும் நான் அவள் காலடியில் சுருண்டு தூங்கிவிடுவேன். ஒரு வெள்ளைக்கார அம்மாள் குடை பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து ஏதோ கீறிக்கொண்டிருப்பாள். கடிதம் எழுதுகிறாள் என்று நாங்கள் நினைத்தோம்.

பூதக்கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த நாயைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. வந்தது அம்மைக்காக.

"சார், இடம் சரியாயிட்டு. அவ என் அம்மை. பிச்சைக்காரி இல்ல. அதை மாத்தி எழுதணும்."

அவர் மீசையைத் தடவினார். "அம்மச்சி, ஞான் ஒரு ஆளைக் குறிச்சு எழுதினதல்லா. இது ஒரு அடையாளமாக்கும். கிருபையுடெ முன்னில் நம்மள் எல்லாரும் பிச்சைக்காரர் அல்லே? ஞானும், பாதிரியும், மகாராஜாவும். அதில் எந்து குறைச்சல்?"

ஜெபத்தில் நானே அப்படித்தானே சொல்லுகிறேன். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்பம் உங்க அம்மை படத்தப் போட்டு, கீழ பிச்சைக்காரின்னு எழுதுங்க சார்."

தங்கம் "அம்மா!" என்று என் கையைக் கிள்ளினாள். சார் ஒரு சிரிப்புச் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது. "ஞாயிறாழ்ச்ச கோவிலில் வச்சு காணலாம் அம்மச்சி" என்றார். அவ்வளவுதான்.

திரும்புகிற பஸ் வரவேயில்லை. சார் ஒரு தேயிலை லாரியை நிறுத்தி எங்களை ஏற்றிவிட்டார். பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு ஒருவர் மேல் ஒருவர் விழுந்து வந்தோம். தங்கம் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள். சேலையெல்லாம் தேயிலை வாடை, துவைத்தும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் எழுந்து குளித்து, வெள்ளைச் சேலை உடுத்தி, தங்கத்தின் அடுக்களையிலிருந்து ஒரு மண் கலயத்தை எடுத்துக் கழுவினேன்.

"அது எதுக்கும்மா?"

"அம்மை எப்படி இருந்தான்னு சாருக்குக் காட்டப் போறேன். வாயால சொன்னா அதுக்கும் ஒரு அர்த்தம் சொல்லிருவாரு."

கோவிலில் முதல் மணி அடிப்பதற்குள் படியில் உட்கார்ந்துவிட்டேன். கலயத்தின் வாயைச் சுற்றித் துணி. முதுகு நேராக. அம்மை கூனி உட்கார மாட்டாள். கார்கள், ரிக்ஷாக்கள், குடைகள் வந்தன. கால்சட்டைக்காரன் ஒருவன் மனைவியைப் பெண்கள் வாசலில் விட்டுவிட்டு அவசரமாகத் திரும்பினவன் என்னைப் பார்த்தான். பைக்குள் கைவிட்டு ஒரு காலணாவைக் கலயத்தில் போட்டுவிட்டு நடந்தான். டங்கென்று கேட்டது.

எட்டுப் பிள்ளைகளை வளர்த்தவள் நான்.

"ஏல! இங்க வா!"

அவன் திடுக்கிட்டு நின்றான்.

"இத எடு. ஆம்பிளைங்க காணிக்கை உள்ள. என் கண்ணைப் பாத்துட்டு எடு."

"சாரி அம்மா, ஞான் நினைச்சது..." என்று குனிந்து எடுத்தான். காது சிவந்துவிட்டது. பாவம், நல்ல பையன்தான். யாருக்கோ நல்லது செய்ய நினைத்தான். அவனுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கிறேன் என்பதுதான் என்னைக் குத்தியது. வெள்ளைச் சேலை, நேர் முதுகு எல்லாம் இருந்தும்.

அதற்குள் மாப்பிள்ளை ஓடி வந்தார். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. "மாமி, எழும்புங்க. கமிட்டிக்காரங்க எல்லாம் பாக்குதாவ. என் மானம் போவுது." தங்கம் தூணுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் அழுதது எனக்குத் தாங்கவில்லை. எழும்பிவிடலாம் என்று கையை ஊன்றினேன்.

அப்போது ஆஸ்பத்திரி ஆயா உடுப்பில் ஒருத்தி படியேறி வந்தாள். பாறசாலைப் பக்கத்துக்காரி. என்னைப் பார்த்தாள், கலயத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை, முந்தியை அவிழ்த்து அரிசியைக் கலயத்தில் கொட்டினாள். கொட்டி முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"அரிசிப் பெட்டிய உள்ள மூலையிலல்லா வச்சிருந்தாங்க? இப்பம் வாசலுக்கே மாத்தியாச்சா? நல்லதாப் போச்சு. அங்க எலி." திரும்பி, "ஏ மரியா, அரிசி இங்கயாக்கும்!" என்று குரல் கொடுத்தாள்.

மரியா வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஒருத்தி சிவப்பரிசி, ஒருத்தி பச்சரிசி. "கலந்து போடாதீங்க ட்டீ, ஏலத்துல விலை போவாது" என்று ஆயா அதட்டினாள். "விலை போவாட்டா நீ எடுத்துப் பொங்கு" என்றாள் மரியா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த நாளிலிருந்து அப்போதுதான் சிரித்தேன். கலயம் மடியில் கனத்தது.

நிமிர்ந்தால் குரியன் சார் மப்ளரோடு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"இவரெல்லாம் எதுக்காக்கும் அம்மச்சிக்கு அரிசி தருன்னது?" என்று ஆயாவிடமே கேட்டார்.

"இவங்களுக்கா? நல்ல கூத்து! கோவிலுக்கு. சார் வீட்டுல எடுத்து வைக்கதில்லையா?"

சார் என் பக்கத்தில் படியில் மெதுவாக உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"அப்போ இவிடே யாசிக்குன்ன ஆள் ஆரும் இல்லா" என்றார்.

"நீங்க சொன்னதும் பொய்யில்ல சார். உள்ள போயி முழங்கால் போட்டா நானும் பிச்சைக்காரிதான். ஆனா இந்தப் படியில அப்படி இல்ல. இங்க குடுக்குத எங்க கை மேல இருக்கும்."

பையிலிருந்து தட்டச்சுத் தாளை எடுத்தார். பேனாவைத் திறந்தார்.

"அம்மையுடெ பேரு?"

அந்தக் கோவிலில் என் அம்மையின் பெயரை ஒருவர் கேட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அருளாயி என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். யாசிக்கும் ஆத்துமா என்ற வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு மேலே எழுதினார். மாப்பிள்ளை எட்டிப் பார்த்துக்கொண்டே நெற்றியைத் துடைத்தார்.

"ஒரே ஒரு காரியம் அம்மச்சி" என்றார் சார். "நாயை ஞான் விட மாட்டேன். பங்கு கிட்டும்னு நம்பிக் காத்துக் கிடக்குன்ன நாய். பிடியரிசிக்கும் அது சேரும். அது இல்லாமே இந்தப் படம் இல்லா."

அவர் முகத்தைப் பார்த்தேன். சின்னப் பிள்ளை முகம் மாதிரி இருந்தது. சொல்லியிருக்கலாம். சொன்னால், கிழவி தனக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்து மல்லுக்கட்டினாள் என்று ஆகிவிடும். அம்மைக்குக் கிடைத்தது என்னால் குறைந்துவிடக் கூடாது.

"கிடந்துட்டுப் போகட்டும் சார்" என்றேன்.

இரண்டாம் மணி அடித்தது. கலயத்தை ஆயா கையில் கொடுத்துவிட்டுப் பெண்கள் வாசல் வழியாக உள்ளே போனேன். தங்கம் வந்து என் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தாள். பாட்டு மலையாளத்தில். ராகம் தெரிந்ததுதான், நான் தமிழில் பாடினேன்.

போன வாரம் மலர் தபாலில் வந்தது. அட்டையில் கோவில், வலம் இடம் மாறித்தான். கீழே மலையாளத்திலும் தமிழிலும் எழுத்து. தமிழை நானே கூட்டி வாசித்தேன். 'பெண்கள் வாசலில் கோவிலுக்காகப் பிடியரிசி வாங்கும் அருளாயி. அவள் காலடியில், தன் பங்குக்குக் காத்திருக்கும் நாய்.' அருளாயி என்ற எழுத்தின் மேல் விரலை வைத்தேன். பிறகு விரல் அடுத்த வரிக்கும் போனது. அம்மையும் நானும் ஒரே படத்தில் இருப்பது இது ஒன்றில்தான்.

தங்கத்துக்கு இது தெரியாது. மாப்பிள்ளைக்கும் தெரியாது. கல்லாற்றில் கண்டதை நான் சொல்லிக்கொண்டு வந்தபோது ரூபியின் பேனா நின்றுவிட்டது. "இத எழுதட்டா ஆச்சி, வேண்டாமா?" என்று கேட்டாள். எழுது என்றேன்.

எங்கே ரூபி, முதலிலிருந்து வாசி, கேட்போம். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். அந்தச் சடை வரும் இடத்தை மட்டும் தாண்டிப் போய்விடாதே.